மூளையலைக் கலையும் கூரம் செப்பேடும்: நிகழ்த்தலும் நிலைபேறும்

முன்னுரை

பங்கேற்பாளரின் உடற்குறிகளைக் கருவியாக்கும் ஊடாட்டக் கலை, நிகழும்போது மட்டுமே உளதாவது. நிகழ்த்தும் ஏற்பாடு அற்றுப்போனால் படைப்பும் மறைகிறது. இந்நிலைபேற்றுச் சிக்கலை, கூரம் செப்பேட்டுச் சான்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மூளையலையும் மெய்நிகர் வெளியும்

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். 1965இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இசைக்கலைஞர் ஆல்வின் லூசியர், தம் ஆல்ஃபா அலைகளைப் பெருக்கி, ஒலிபெருக்கிகளின் வழியே தாளக் கருவிகளை அதிரச்செய்தார். கண்மூடி அசைவற்றிருத்தலே அங்கு நிகழ்த்துதலாயிற்று. கனடியக் கலைஞர் ஷார் டேவிஸின் ‘ஆஸ்மோஸ்’ (1995) மெய்நிகர் வெளியில் மூளையலைக்கு மாறாக மூச்சை ஏற்றது. மூச்சை உள்ளிழுத்தால் பங்கேற்பாளர் மேலெழுவார்; வெளிவிட்டால் தாழ்வார்.

லூசியரின் படைப்பு செய்முறைக் குறிப்பாக அமைந்தமையால், வேறு கருவிகளைக்கொண்டும் பிறர் அதனை நிகழ்த்த இயல்கிறது. ஆஸ்மோஸ், சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினியைச் சார்ந்து உருவானது. அவ்வகைக் கணினிகளின் உற்பத்தி பின்னர் நின்றுபோயிற்று.

கூரம் சான்று

முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு (7ஆம் நூற்றாண்டு) வடமொழியிலும் தமிழிலும் அமைந்தது. பரமேசுவரமங்கலம் என்னும் ஊரின் 25 பங்குகளில் ஒன்றைக் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும், மற்றொன்றை அம்மண்டபத்திற்குத் தண்ணீரும் தீயும் அளிப்பதற்கும் அது ஒதுக்குகிறது. ஏட்டைப் பேணுவது பற்றியன்று, வாசிப்பு இடையறாது நிகழ்வது பற்றியதே இவ்வேற்பாடு.

முடிவுரை

இவ்விரண்டும் ஒரு மரபின அல்ல. எனினும் சிக்கல் ஒன்றே. கருவியை மட்டும் காட்சிப்பேழையில் வைத்துக் காப்பது ஊடகக் கலையைக் காப்பதாகாது. செய்முறைக் குறிப்பும், நிகழ்த்துவோர்க்கும் பராமரிப்போர்க்குமான நிலையான பங்கும் தேவை என்பதே கூரம் செப்பேட்டின்வழிப் பெறப்படும் முடிவு.