நாற்பது நாளும் நாற்பது ஆண்டும்: தமிழ்க் கிறித்தவத்தின் வனாந்தரம்

1895ஆம் ஆண்டின் இறுதியில் ஏமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்துப் பெண் பெங்களூருவில் வந்திறங்கினார். அப்போது அவருக்குக் கடுமையான டெங்குக் காய்ச்சல். ஜப்பானின் தட்பவெப்பம் உடலுக்கு ஒவ்வாமல் திரும்பியிருந்த அவருக்கு, பெங்களூருவின் காற்று நல்லது என்ற நண்பர் ஒருவரின் பரிந்துரையே இந்நகரைத் தேர்வதற்குக் காரணமாயிற்று. ஓராண்டு கழித்து அவர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். இடைப்பட்ட 1896இல், மைசூர் அரசு பெங்களூருவின் வடமேற்கில் பீன்யா, ஜாலஹள்ளிப் பகுதியின் 599 ஏக்கர் நிலத்தை வனமாக அறிவித்தது. இவ்விரு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் தென்னிந்தியக் கிறித்தவத்தில் 'காட்டுக்குச் சென்று ஆன்மாவைப் புதுப்பித்தல்' என்னும் வழக்கம் உருவான வரலாற்றை ஆராய, இவை இரண்டையும் அருகருகே வைப்பது பயன்தரும். காடு யாருக்கு ஓய்விடமாயிற்று, யாருக்குப் பிழைப்பிடமாயிற்று என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி.

கோடை விடுமுறையில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் மலைக்கோ காட்டுக்கோ அழைத்துச் சென்று, சில நாள் தங்கவைத்து, மறைநூல் பயிற்றி, மன்றாட்டிலும் தனிமையிலும் ஈடுபடுத்தும் முகாம் இன்று சபைகளின் இயல்பான ஆண்டுச் சடங்கு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இயேசுவின் நாற்பது நாள் வனாந்தர நோன்பு. இங்கே 'வனாந்தரம்' என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும்.

எபிரேய மறைநூலில் வழங்கும் சொல் 'மித்பார்'. அது மணற்பாலையை மட்டும் குறிப்பதன்று. உழவுக்கு ஆகாத, மந்தைகளை ஓட்டிச்சென்று மேய்க்கும் மேய்ச்சல்வெளியையும் குறிக்கும். 'பேசுதல்' என்னும் பொருளுடைய வினையின் அதே மூன்று மெய்களே இச்சொல்லிலும் உள்ளன. இரண்டும் ஒரே வேரினவா என்பது மொழியியலாளரிடையே முடிவுபெறாத விவாதம்; ஆனால் இறைவன் பேசும் இடம் மித்பார் என்ற ஒலிநயத்தை உரையாசிரியர்கள் விட்டுவைக்கவில்லை. கிரேக்கத்தில் 'எரேமோஸ்' என்றால் ஆளற்ற இடம். இவ்விரண்டிலும் மரமடர்ந்த காட்டின் சாயல் இல்லை. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் வழங்கும் 'வனாந்தரம்' என்ற வடசொல்லோ 'காட்டின் உட்புறம்' என்று பொருள்படும். யூதேயாவின் வறண்ட குன்றுகள் தமிழ் வாசகரின் மனத்தில் முனிவர்கள் தவமியற்றும் பச்சைக் காடாயின. இராமன் போன காடும் பாண்டவர் உறைந்த காடும் அச்சொல்லுக்குப் பின்னால் நிழலாட நின்றன.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'பாலைநிலம்' என்ற சொல்லைக் கொண்டது. நிலவியல் நோக்கில் இது திருத்தமானது. இலக்கிய நோக்கில் இன்னும் பொருத்தமானது. தமிழ் மரபில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதன் உரிப்பொருள் பிரிவு. ஆக, பாலை என்பது வரைபடத்தில் குறிக்கத்தக்க இடம் என்பதைவிட, இடத்துக்கும் மனிதருக்கும் நேரும் ஒரு நிலை. வனாந்தரம் ஒருவர் தேடிச் செல்லும் இடம். பாலை ஒருவர் கடந்தாக வேண்டிய வழி. இவ்வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதிலும் ஓடுகிறது.

தமிழகத்தில் புராட்டஸ்டண்ட் கிறித்தவரின் மலைநாட்டத்தைத் தொடங்கிவைத்தது உயிரச்சம். சமவெளியின் வெப்பத்திலும் கொள்ளைநோய்களிலும் உறவுகளை இழந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். கோடைதோறும் மிஷனரிக் குடும்பங்கள் அங்கே கூடின. ஓய்வோடு வழிபாடும் மாநாடுகளும் வளர்ந்தன. 1901இல் அவர்தம் பிள்ளைகளுக்கான பள்ளியும் எழுந்தது. மோட்டார் சாலை அமைவதற்கு முன், பெரியகுளம் அருகிலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மலையேறும் பாதையில் துரைமாரையும் துரைசானிகளையும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் வைத்துத் தமிழ்க் கூலியாட்கள் தோள்மீது சுமந்து சென்றனர். அப்பாதைக்கே 'கூலிக் காட்' என்றுதான் பெயர். ஆன்மிகப் புதுப்பித்தலின் இந்த முதல் மலையேற்றத்தில் தமிழர் இருந்தனர், சுமப்பவராக இருந்தனர். சமவெளிச் சபைகளின் தமிழ் உபதேசியார்கள் அதே வெயிலிலும் அதே காலராவிலும் ஊரிலேயே பணியாற்றினர்.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதே டோனாவூரின் முக்கியத்துவம் விளங்கும். கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் நிலைகொண்டார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கிலிருந்து மீட்கப்பட்டதாகக் கொண்ட சிறுமியரைக் கொண்டு அங்கே ஒரு பெருங்குடும்பம் உருவாயிற்று. அவரது மீட்பு நோக்கின் காலனியச் சார்பு குறித்து விமரிசனங்கள் உண்டு. அவை தனியே பேசத்தக்கவை. இங்கு வேண்டியது வேறொரு செய்தி. பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியபின், கோடையில் நீலகிரிக்குச் செல்லும் வழக்கம் அவர்களுக்குப் பொருந்துவதாயில்லை. எனவே 1917இல், டோனாவூரின் மேற்கே கண்ணுக்கெட்டும் தொலைவில் எழும் களக்காட்டு மலையில் ஒரு காட்டு நிலம் வாங்கப்பட்டது. அவ்விடத்தின் பெயர் நரைக்காடு. கார்மைக்கேலின் ஆங்கில எழுத்துகளில் வரும் 'கிரே ஜங்கிள்' இப்பெயரின் நேர் மொழிபெயர்ப்பே. அங்கே கட்டப்பட்ட வன இல்லம் பிள்ளைகளும் பணியாளரும் தவணைமுறையில் தங்கி இளைப்பாறும் இடமாயிற்று. 1920இல் வெளிவந்த அவரது 'ஃப்ரம் தி ஃபாரஸ்ட்' என்னும் நூல் அக்காட்டு வாழ்விலிருந்து பிறந்தது.

கொடைக்கானலுக்கும் நரைக்காட்டுக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் கவனத்திற்குரியன. முதலாவது, நரைக்காடு தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாவது, அது வேற்றூர் மலையன்று. அவர்கள் நாள்தோறும் கண்ட மலைத்தொடரின் உட்புறம். மூன்றாவது, டோனாவூரில் சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் உடலுழைப்பில் ஈடுபடுவதும், ஐரோப்பியப் பணியாளரும் தமிழ் உடை உடுத்துவதும் நெறியாக இருந்தன. காட்டு இல்லத்துக்கும் அதே நெறியே சென்றது. கார்மைக்கேலின் ஆன்மிகம் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 1875இல் கூடாரத்தில் தொடங்கிய கெசிக் மாநாட்டின் மரபில் வந்தது. இயற்கைவெளியில் சில நாள் கூடி உள்ளத்தை ஒப்புக்கொடுத்து ஊர் திரும்பும் அந்த நடுத்தர வர்க்க விடுமுறைப் பக்தி, களக்காட்டு மலையில் ஓர் இல்லத்தின் அன்றாட ஒழுங்காக உருமாறியது.

கத்தோலிக்க மரபில் இதற்கு முந்தைய, ஆழமான ஒரு சொல் இருக்கிறது: 'ஞான ஒடுக்கம்'. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றவை. அவற்றை ஒட்டிய தனிமைத் தியானத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் இச்சொல்லால் அழைத்தனர். புலன்களை உள்வாங்கி அடங்குதல் என்ற பொருள் இதில் நேர்த்தியாக அமைகிறது. உலகம் தன் காரணத்தில் அடங்குவதைச் சைவ சித்தாந்தம் ஒடுக்கம் என்றே குறிக்கும். வனாந்தரம் புறவெளியைச் சுட்ட, ஒடுக்கம் அகச்செயலைச் சுட்டியது. அதற்குக் காடு கட்டாயமன்று, ஓர் அறை போதும்.

1921இல் திருப்பத்தூரில் மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தினரான ஏர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்து குல ஆசிரமத்தை நிறுவினர். கதர் உடை, துறவு, ஏழைகளுக்கு மருத்துவம், திராவிடக் கோயிற்கலைச் சாயலில் எழுந்த ஆலயம் ஆகியவற்றோடு, வெள்ளையரும் இந்தியரும் சமமாக வாழ்வது அதன் உயிர்நாடி. 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையின் மரத்தோப்பில், பிரெஞ்சுத் துறவியரான ஜூல் மொன்ஷனினும் ஆன்றி லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். அது இன்று சாந்திவனம் என்றே அறியப்படுகிறது. 'வனாந்தரம்' என்ற மொழிபெயர்ப்பில் மறைந்திருந்த முனிவரின் காடு இவ்வாசிரமங்களில் கட்டடமாகவும் தோப்பாகவும் வெளிப்பட்டது எனலாம்.

இதற்கு எதிர்க்குரல் பெங்களூருவிலிருந்து எழுந்தது. 1981இல் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. இந்தியக் கிறித்தவ இறையியல் பெருமளவு பிராமணிய மரபோடு மட்டுமே உரையாடியிருக்கிறது. சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் மக்களின் வரலாறு அதில் இல்லை என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. பின்னர் அவர் தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டது உபாகமம் 26ஆம் அதிகாரம்: அலைந்து திரிந்த மூதாதையையும் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் நினைவுகூரும் அறிக்கை. அவ்விடுதலையின் வழி மித்பார் ஊடாகவே செல்கிறது. அங்கே இசுரயேலர் கழித்தவை நாற்பது ஆண்டுகள்.

முகாம்களின் நினைவில் நிற்பது நாற்பது நாள். விடுதலை இறையியலின் நினைவில் நிற்பது நாற்பது ஆண்டு. முன்னது ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் தனிமை. திரும்பும் நாள் முன்கூட்டியே தெரியும். பின்னது ஒரு மக்கள்திரள் பிள்ளைகுட்டிகளோடு மேற்கொண்ட இடப்பெயர்வு. புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் போய்ச்சேரவில்லை. தமிழ் இலக்கணம் இவ்வேறுபாட்டை ஓர் எழுத்தில் காட்டுகிறது. 'ஒடுங்கு' தன்வினை, 'ஒடுக்கு' பிறவினை. 'ஒடுக்கம்' என்ற பெயர் இரண்டிற்கும் இடம் தருவது. தானே ஒடுங்குவோர் ஞான ஒடுக்கத்துக்குச் செல்கின்றனர்; பிறரால் ஒடுக்கப்பட்டோருக்கு ஒடுக்கம் தேடிச் செல்ல வேண்டிய பயிற்சியன்று, பிறப்பிலேயே சுமத்தப்பட்ட நிலை.

இன்று வழங்கும் 'முகாம்' என்ற சொல்லுக்கும் ஒரு பயணம் உண்டு. அரபியில் 'மகாம்' என்றால் நிற்குமிடம். சூஃபி மரபில் அது ஆன்மப் பயணத்தின் படிநிலையைக் குறிக்கும். இந்தியாவில் அது படையும் வரிவசூல் அதிகாரியும் தங்கும் இடமாயிற்று. அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் 'முகாம்' என்று ஊர்ப்பெயர் எழுதும் வழக்கம் அதன் எச்சம். பள்ளிகளும் சபைகளும் அதைக் கோடைக்கால வழக்காக ஏற்றபோது, அரசாங்கச் சொல் ஒன்று தன் பழைய ஆன்மிகப் பொருளுக்கு அறியாமலே திரும்பிற்று. ஆனால் நேர அட்டவணையும் வருகைப்பதிவும் கொண்ட அதிகாரியின் முகாமும் அதோடு சேர்ந்தே வந்தது. இடைவிடாத நிகழ்ச்சிகளால் நிறைந்த முகாமில் ஒடுங்குவதற்கு நேரம் இருப்பதில்லை என்ற குறையை இச்சொல்வரலாறு ஓரளவு விளக்கும்.

காடும் அதே நிலையில் இருக்கவில்லை. களக்காடு 1976இல் வன உயிரினப் புகலிடமாகவும், 1988இல் முண்டந்துறையோடு இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. நரைக்காடு இப்போது அரசின் காப்புக்காட்டினுள் அமைந்த ஒரு பழைய இல்லம். ஆளற்ற இடம் என்று கருதப்பட்ட வனாந்தரத்தில் தாவரங்களும் விலங்குகளும் மலைமக்களும் முன்பே இருந்தனர் என்பதை இன்றைய முகாம் இறையியல் கணக்கில் கொண்டாக வேண்டும்.

1896இல் வனமாக அறிவிக்கப்பட்ட பீன்யா நிலமோ எதிர்த்திசையில் சென்றது. அதன் பெரும்பகுதி எச்.எம்.டி. நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அண்டையில் 1970களில் வளர்ந்த தொழிற்பேட்டை நாட்டின் மிகப்பெரிய சிறுதொழில் பகுதிகளுள் ஒன்றாயிற்று. அந்நிலம் சட்டப்படி இன்னும் வனமே என்று கர்நாடக வனத்துறை வாதிட, 2024இல் அப்பிணக்கு மீண்டும் செய்தியானது. வனம் பட்டறையான அப்பகுதிக்குப் பிழைப்பு தேடி வந்தோரில் தமிழரும் உண்டு. ஊரைப் பிரிந்து, திரும்பும் நாள் தெரியாமல், கடைசல் இயந்திரங்களிடையே வாழும் அவர்களது நிலையைப் பழந்தமிழ் மரபு பாலை என்றே அழைத்திருக்கும். பொருள்வயிற் பிரிவு பாலைத்திணைக்கு உரியது.

ஆகவே தமிழ்க் கிறித்தவத்தின் வனாந்தர வரலாற்றை எழுத மலைமேலுள்ள இல்லங்களின் ஆவணங்கள் மட்டும் போதா. கூலிக் காட்டில் சுமந்தோரும், நரைக்காட்டில் கோடையைக் கழித்த சிறுமியரும், பட்டறைகளுக்கு நடுவே ஞாயிறுதோறும் கூடும் சிறு சபைகளும் அதே வரலாற்றின் சான்றுகள். மலையில் நாற்பது நாளைப் பயிலும் ஒரு பிள்ளை, கீழே நாற்பது ஆண்டைக் கடந்துகொண்டிருக்கும் தன் பெற்றோரை அடையாளம் காணக் கற்றால், அம்முகாம் தான் ஆதாரமாகக் கொண்ட மறைநூலின் இரு பகுதிகளையும் வாசித்ததாகும்.