ராமநாதன் கிருஷ்ணன்

ராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு: 11 ஏப்ரல் 1937, நாகர்கோவில்) விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அரையிறுதி வரை சென்ற டென்னிஸ் வீரர். அவருக்கு முன் அங்கு காலிறுதி வரை முன்னேறிய இந்தியர் கௌஸ் முகமது ஒருவரே (1939).

கிருஷ்ணனின் ஒரே ஆசான் அவருடைய தந்தை டி. கே. ராமநாதன். தென்காசியைச் சேர்ந்த அவரும் டென்னிஸ் வீரர். மகனுக்கு அவர் கற்பித்தது வலிமையை நம்பாத ஆட்டம். பந்தை ஓங்கி அடிப்பதைவிட அது விழவேண்டிய இடத்தில் விழச் செய்வதே அதன் அடிப்படை. எதிராளி வலையை நோக்கி ஓடிவரும்போது பந்தை அவர் காலடியில் இறக்குவார் கிருஷ்ணன். தம் காலடிக்கு வரும் பந்தைத் தரையிலிருந்து எழும் கணத்திலேயே மட்டையில் வாங்கி மென்மையாகத் திருப்புவார். சர்வீஸில் வேகம் குறைவு. அந்தக் குறையைத் துல்லியமும் பொறுமையும் ஈடுசெய்தன. பள்ளி மாணவராக இருந்தபோதே, சென்னை லயோலா கல்லூரி முதல்வரின் தனி அனுமதியுடன், கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் கோப்பைப் போட்டியில் ஆடி வென்றார்.

1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியர் ஆஷ்லி கூப்பர் 1958இல் விம்பிள்டன் ஆடவர் சாம்பியன் ஆனார். 1959இல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியின் இறுதியில் நீல் பிரேசரைக் கிருஷ்ணன் வீழ்த்தினார்.

அதே காலத்தில், முன்னாள் அமெரிக்க சாம்பியனான ஜாக் கிராமர் தம் தொழில்முறைக் குழுவில் சேர மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தார். அன்றைய விதிப்படி தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனிலும் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். இந்திய டென்னிஸுக்குக் கிடைத்த பெரும்பேறு அந்த மறுப்பு.

1960 விம்பிள்டன் அரையிறுதியில் பிரேசரிடமும், 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை வென்றபின் அரையிறுதியில் ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு பட்டம் வென்றவர்கள் அவ்விருவரே. 1962இல் போட்டித் தரநிலையில் 4ஆம் இடம் பெற்றிருந்தும், கணுக்கால் காயத்தால் இடையில் விலக நேர்ந்தது.

நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்களில் தலையாயது 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையில் கொல்கத்தா புல்தரையில் பிரேசிலுக்கு எதிராக நடந்தது. இரு அணிகளும் 2-2 என்று சமநிலையில் இருந்தன. தாமஸ் கோக்குடன் நடந்த கடைசி ஆட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கிய கிருஷ்ணன், நான்காவது செட்டிலும் 2-5 என்ற நிலைக்கு இறங்கினார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 7-5 என மீண்டார். ஐந்தாவது செட்டை 6-2 என முடித்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியாவின் அந்த ஒரு வெற்றியும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப்-ரோச் இணையை இரட்டையரில் வென்றதால் வந்தது.

தேசியப் பட்டத்தை எட்டு முறை வென்ற கிருஷ்ணனுக்கு அர்ஜுனா விருது (1961), பத்மஸ்ரீ (1962), பத்மபூஷண் (1967) ஆகியவை வழங்கப்பட்டன. மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். கிருஷ்ணனுக்குப் பின் எந்த இந்தியரும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியை எட்டவில்லை.