வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட மல்லாட்டைக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தீபாவளிக்கு வந்த தங்கை மகன் ஒரு பாட்டில் சாக்லேட் பசை கொண்டுவந்தான். ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதாம். "மாமா, இதில் ஹேசல்நட் இருக்கு, துருக்கிச் சரக்கு" என்றான். உலகத்தில் விளையும் ஹேசல்நட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு துருக்கியில்தான் விளைகிறது, அதிலும் பெரும்பகுதி கருங்கடல் ஓரத்தில். அன்று சாயங்காலமே பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காலாப்பட்டுக்கு மேற்கே குத்தகை நிலத்தில் ஒரு காணி மல்லாட்டை போட்டவன். பிடுங்கிய நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காயைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினான். நாலு நாளில் குவியல் சூடேறிப் பூசணம் பூத்துவிட்டது. "சார், எண்ணெய்க்கும் வாங்க மாட்டேங்கறாங்க. ஆட்டுக்காவது போடலாமா?" என்றான். போடாதே என்றேன். ஏன் என்று சொல்லப் போனால் கதை பிரான்சு வரைக்கும் போகிறது.

முப்பத்து நாலு வருஷம் உங்களுக்கு வரலாறு நடத்தினேன். துய்ப்ளெக்ஸ், லல்லி என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். மல்லாட்டையைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்பது சாக்கு. எங்கள் ஆயா கிடங்கில் மல்லாட்டை உடைத்தவள் என்று சொல்லக் கூச்சப்பட்டேன், அதுதான் உண்மை.

மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்பதை நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. செடியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. நம் பக்கத்துச் செம்மண்ணும் மணலும் அதற்கு வாய்த்தது, மண் இளகலாக இருந்தால்தான் விழுது இறங்கிக் காய் பிடிக்கும்.

மார்சேய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் வித்து வேண்டியிருந்தது. முதலில் ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து வாங்கினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நம் கரை அவர்களுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. அதன்பின் பிரிட்டிஷ் தென்னாற்காட்டில் விளைந்த காய் பிரெஞ்சுப் புதுச்சேரியில் கப்பல் ஏறியது. ஆழமான துறைமுகம் கிடையாது, கரையிலிருந்து சலங்குப் படகில் மூட்டையைக் கொண்டுபோய்த் தூரத்தில் நிற்கும் கப்பலில் ஏற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே புதுச்சேரியில் நெய்த நீலத்துணி செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் துணியைக் கட்டியவர்கள் விளைத்த கடலையும், நம் கடலையும் மார்சேயில் போட்டி போட்டன.

போட்டியில் நாம் சறுக்கியது விளைச்சலால் மட்டும் அல்ல. ஆயா சொல்வாள்: "காயைத் தரையில பரப்பி, தண்ணி தெளிச்சு, தடியால அடிப்போம். நனைஞ்சா ஓடு சீக்கிரம் விடும்." கூலி அளவுக் கணக்கு, எவ்வளவு உடைக்கிறோமோ அவ்வளவு காசு. ஈரப் பருப்பு எடையும் கூடக் காட்டும், அதனால் வியாபாரியும் கண்டுகொள்ள மாட்டார். அந்தப் பருப்பு மூட்டைக்குள் அடைந்து, வெக்கையான கப்பலடியில் வாரக்கணக்கில் கிடந்து மார்சேய் போய்ச் சேரும்போது சிக்குவாடை அடித்து, எண்ணெய் புளித்திருக்கும். சாப்பிடும் எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும், விலையும் அதற்கேற்பத்தான். வேளாண்மை அதிகாரிகள் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். உடைக்கும் மிஷின்கள் பெருகிய பிறகுதான் நிலைமை மாறியது. மிஷினுக்குக் காய்ந்த காய் வேண்டும். ஆனால் மிஷின் வந்ததும் ஆயாவைப் போன்ற பெண்களின் கூலி போயிற்று. எந்த அறிக்கையும் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1914இல் சண்டை வந்தது. கப்பல் வரத்து தடைப்பட்டது, மல்லாட்டை விலை விழுந்தது. ஒரே ஊர் வாங்கும் என்று நம்பிப் பயிர் வைத்தவன் கதி என்னவாகும் என்று அந்த வருஷம் தென்னாற்காட்டுக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். காய்ந்த காய் வைத்திருந்தவன் கொஞ்சம் காத்திருக்க முடிந்திருக்கும். நனைந்ததை உடைத்தவன் என்ன செய்வான்?

ஆராய்ச்சியில் குறை சொல்ல மாட்டேன். பாலூர்ப் பண்ணை 1905இலேயே வந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து நிலையம் டி.எம்.வி. ரகங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தது. டி.எம்.வி. 2 நம் குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது, 1940இல் வெளிவந்தது. டி.எம்.வி. 1இன் மூலவிதை சலூம், அது மேற்கு ஆப்பிரிக்காச் சரக்கு. போட்டிக்காரனின் விதையே நம் வயலுக்கு வந்தது! 1933 சட்டத்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன, எடைமோசடி குறைந்தது. 1986இல் மத்திய அரசின் எண்ணெய்வித்து இயக்கம் வந்து உற்பத்தி கூடியது. 1994இல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். இன்று நாடு சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டுச் சரக்கு.

இத்தனையிலும் விதைக்கு யோசித்தோம், விலைக்கு யோசித்தோம். பிடுங்கிய காயை மழையில் எங்கே உலர்த்துவது என்பதற்கு மட்டும் விவசாயியின் தார்ப்பாய்தான் பதில். ஆடிப்பட்டத்து மானாவாரிக் காய் ஐப்பசி மழையில்தான் வீடு வரும் என்பது புதுச் செய்தி இல்லையே. ஆதரவு விலை அறிவிப்பு நல்லதுதான், ஆனால் உலர்த்த இடம் இல்லாதவன் அந்த விலை வரும்வரை எப்படி வைத்திருப்பான்? துருக்கியிலும் இதே பாடுதான். 1938லேயே ஹேசல்நட்டுக்குக் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தார்கள், 2006இல் அரசின் தானிய நிறுவனமே கொள்முதலில் இறங்கியது. அங்கும் ஈரத்தில் கிடந்த கொட்டையில் பூசண நஞ்சு இருந்தால் ஐரோப்பா திருப்பி அனுப்பிவிடும்.

அந்த நஞ்சுதான் ஆட்டுக்குப் போடாதே என்றதற்குக் காரணம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் காரணம் கிடைத்தது: பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின். ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது, பாலிலும் இறங்கும். மனிதர் நேராகச் சாப்பிடும் கடலையில் நூறு கோடியில் நாலு பங்குக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது.

மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பூத்ததைக் குழி தோண்டிப் புதை. மிச்சத்தைக் கூரைக்கடியில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடு, வெயில் வந்ததும் களத்தில் போடு. கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே வந்தால்தான் மூட்டை. சாக்குதான், பிளாஸ்டிக் பை வேண்டாம். அடியில் பலகை போடு, சுவரோடு ஒட்டி அடுக்காதே.

அவன் பழைய பள்ளிக் கூடத்து மச்சு ஒன்றைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். நான் என் வீட்டு மொட்டைமாடியையும் முன்கூடத்தையும் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது எட்டு மூட்டைக் காய் கூடம் முழுக்கப் பரப்பிக் கிடக்கிறது, உங்கள் அம்மா தாண்டித் தாண்டி நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடிப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், கிளறிவிட ஆள் வேண்டும்.