முட்செடியின் விதையும் ஈரலின் கதையும்

மஞ்சட் காமாலை என்றவுடன் கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரிற் கலந்து கொடுக்கும் வழக்கம் எமது ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. ஈரலுக்கு மூலிகையே மருந்து என்ற எண்ணம் எமக்கு மட்டும் உரியதன்று. நாம் புகலிடம் தேடி வந்த ஐரோப்பாவின் மக்களும் அதே எண்ணத்தைப் பல நூற்றாண்டுகளாகப் பேணி வந்துள்ளனர். அவர்கள் நம்பியது ஒரு முட்செடியின் விதையை. அவ்விதையின் வரலாறு, எமது வீட்டு அலுமாரிகளில் இருக்கும் ஒரு சாதாரண மாத்திரையின் வரலாற்றோடு பிணைந்து கிடக்கின்றது. ஆதலால் இரண்டையும் சேர்த்தே நோக்குவது எம்மவர்க்குப் பயன் தரும்.

மரியாளின் முள்

ஊதா நிறப் பூவும், வெண்ணிற நரம்போடிய அகன்ற இலைகளும் கொண்ட இச்செடி மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு உரியது. மரியாளின் முலைப்பால் சிந்தியதனாலேயே இலைகளில் வெள்ளைக் கோடுகள் உண்டாயின என்பது கிறிஸ்தவ மக்களிடையே வழங்கிய கதை. ஜேர்மனியர் இதனை 'மரியென்டிஸ்ரெல்', அதாவது மரியாளின் முட்செடி, என்று அழைப்பதன் காரணமும் அதுவே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயோஸ்கொரிடீஸ் 'சிலிபொன்' என்ற முட்செடியைத் தமது மூலிகை நூலிற் குறிப்பிட்டார். தாவரவியலார் இச்செடிக்கு இன்று வழங்கும் 'சிலிபம்' என்ற பெயர் அச்சொல்லின் வழி வந்ததாகும்.

1652இல் இலண்டனில் நிக்கொலஸ் கல்பெப்பர் என்பவர் ஒரு மூலிகை நூலை வெளியிட்டார். மருத்துவம் இலத்தீன் மொழிக்குள் பூட்டிக் கிடந்த காலம் அது. வைத்தியருக்குப் பணம் கொடுக்க இயலாத ஏழைகளும் படித்துப் பயன்பெற வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஈரலின் அடைப்புக்கும் மஞ்சட் காமாலைக்கும் இச்செடி நல்லது என்பது அவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜேர்மனியின் கோக் என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்த யோகான் கொட்பிரீட் ராடமாகர், இதன் விதையை மதுசாரத்தில் ஊறவைத்து இறக்கிய சாற்றை ஈரல் நோயாளருக்குக் கொடுத்து வந்தார். எம் கிராமத்துப் பரியாரியார் போன்று, கண்ட அனுபவத்தையே அவர் நூலாக்கினார்.

விதைக்குள் இருந்தது என்ன?

இவ்வளவு காலமும் நம்பிக்கை இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டளவில் மியூனிக் நகரில் பேராசிரியர் ஹில்டபேர்ட் வாக்னரும் அவருடன் பணிபுரிந்தோரும் விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குச் 'சிலிமாரின்' என்று பெயரிட்டனர். அது தனிப்பொருளன்று, பல பொருள்களின் கலவை என்பது பின்னர் தெளிவாயிற்று. அவற்றுள் முதன்மையானது சிலிபின். இப்பொருள்கள் நீரில் எளிதிற் கரைவதில்லை. எனவே விதையைத் தேநீர் போல் கொதிக்க வைத்துக் குடிப்பவர் உடலில் அவை சேர்வது மிகக் குறைவே. மதுசாரத்தில் ஊறவைத்த பழைய மருத்துவர் காரணம் அறியாமலே சரியான வழியிற் சென்றிருந்தார் எனலாம்.

இவ்விதையின் மதிப்பை உயர்த்தியது ஒரு நச்சுக்காளான். ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும், பச்சை சாயலுடைய அக்காளானின் ஆங்கிலப் பெயர் 'சாவுத் தொப்பி' எனப் பொருள்படும். அதன் நஞ்சு ஈரற்கலங்களுக்குள் புகுந்து, புரதம் ஆக்கும் பணியை அடியோடு நிறுத்திவிடும். சிலிபின் அந்நஞ்சு கலத்தினுள் நுழையும் வாயிலை அடைக்கின்றது என்பது ஆய்வுகளிற் காணப்பட்டது. அதனால் 1980களிலிருந்து ஐரோப்பிய வைத்தியசாலைகளில் அது நாளத்தின் வழியே ஏற்றப்படும் மருந்தாக, ஏனைய சிகிச்சைகளுடன் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டு வருகின்றது.

இங்கு அகதிகளாகிய நாம் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. 2015இல் ஜேர்மனிக்குப் புதிதாக வந்த அகதிகள் பலர், தம் நாட்டில் உண்ணும் காளானென எண்ணி இந்த நச்சுக்காளானைப் பறித்துச் சமைத்து உண்டு ஆபத்துக்குள்ளாயினர். உயிரிழப்பும் நேர்ந்தது. ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. புதிய மண்ணில் பழைய கண்ணை நம்புவது எப்போதும் காப்பாற்றாது.

மாத்திரையின் மறுபக்கம்

இனி மாத்திரையின் கதைக்கு வருவோம். பரசிற்றமோல் என்ற மருந்தை 1878இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஹார்மன் மோர்ஸ் முதன்முதலில் உருவாக்கினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1948இல் நியூயோர்க்கில் புரோடியும் அக்சல்ரொட்டும் நடத்திய ஆய்வு அதன் பயனை வெளிக்கொணர்ந்தது. 1956இல் பிரித்தானியாவில் அது 'பனடோல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எம் வீடுகளிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. தலையிடிக்கும் பனடோல், தடிமனுக்கும் பனடோல், இரவு வேலை முடித்து வந்த உடல் நோவுக்கும் பனடோல்.

அளவோடு கொண்டால் அது நல்ல மருந்தே. ஆயினும் 1966இல் டேவிட்சன், ஈஸ்ற்றம் என்னும் இரு மருத்துவர்கள், அதனை அளவு மீறி உட்கொண்டோரின் ஈரல் அழிந்துபோனதைப் பதிவு செய்தனர். காரணம் 1973இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் துலக்கம் பெற்றது. உட்கொண்ட மருந்தில் ஒரு சிறு பங்கை ஈரல் நஞ்சாக மாற்றுகின்றது. ஈரலிலேயே உள்ள குளுற்றாதயோன் என்ற பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் கட்டிப்போடுகின்றது. மருந்து மிகும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன் பின் நஞ்சு ஈரற்கலங்களையே தாக்கும். பட்டினி கிடப்போருக்கும் நெடுநாள் மது அருந்துவோருக்கும் அக்கையிருப்பு குறைந்திருக்கலாம்.

காரணம் தெரிந்ததும் மாற்றும் கிடைத்தது. எடின்பரோ வைத்தியசாலையில் லோரி பிரெஸ்கொட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், சளியை இளக்குவதற்குப் பயன்பட்டுவந்த அசிற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்தை நாளத்தின் வழியே ஏற்றினர். உடல் அதனைக் கொண்டு குளுற்றாதயோனை மீண்டும் ஆக்கிக்கொள்ளும். 1970களின் இறுதியில் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது. அளவு மீறி உட்கொண்ட 8 மணித்தியாலத்துக்குள் இம்மருந்து தொடங்கப்பட்டால் ஈரல் ஏறக்குறைய முற்றாகக் காக்கப்படும். பிந்தப் பிந்தக் காப்பும் குறையும்.

எலிக்கு முன்னே, மனிதனுக்குப் பின்னே

அப்படியாயின் விதை பரசிற்றமோலின் நஞ்சைத் தடுக்காதா என்று கேட்கலாம். எலிகளிலும் சுண்டெலிகளிலும் தடுத்தது உண்மை. சிலிமாரின் மட்டுமன்றி, கருஞ்சீரகச் சாறும் திராட்சை விதைச் சாறும் இவ்வாறே சோதிக்கப்பட்டு நற்பலன் காட்டியுள்ளன. ஆனால் அச்சோதனைகளிற் பல எவ்வாறு நடந்தன என்பதை ஊன்றி நோக்க வேண்டும். எலிக்கு முதலில் விதைச்சாறு கொடுக்கப்படுகின்றது. அதன் பின்னரே மாத்திரை கொடுக்கப்படுகின்றது. வைத்தியசாலைக்கு வரும் மனிதரோ மாத்திரையை விழுங்கிய பின்னரே வருகின்றார். வெள்ளம் வருமுன் கட்டிய அணையும், வெள்ளம் வந்தபின் கட்டும் அணையும் ஒன்றாகா. மனிதரில் அசிற்றைல்சிஸ்ரீனுக்குப் பதிலாக நிற்கத்தக்கது என எந்த விதைச்சாறும் இதுவரை நிறுவப்படவில்லை.

காசநோய் மருந்துகளும் சிலரது ஈரலைப் பாதிப்பதுண்டு. அங்கும் சிலிமாரினை மனிதரிற் சோதித்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆகவே கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் விதையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிட்டு அதனை மறைப்பதும் தவறு. ஊரிலிருந்து வந்த சூரணமோ இங்கு வாங்கிய மூலிகைக் குளிகையோ எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். மூலிகைகளுள்ளும் ஈரலைக் கெடுப்பன உண்டு.

வரலாறு கூறும் புத்தி

முட்செடியின் விதை பொய்யன்று. காளான் நஞ்சுக்கு எதிராக அதற்கு இடம் கிடைத்தது. அந்த இடம் அதன் பழைமைக்காகக் கிடைத்ததன்று. பிரித்தெடுத்து, அளந்து, சோதித்தமையாற் கிடைத்தது. எமது மூலிகைகளுக்கும் அதே மதிப்பு வேண்டுமாயின் அதே சோதனையை அவையும் கடக்க வேண்டும். பாட்டி சொன்னாள் என்பது ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது.

வளர்ந்தோருக்குப் பரசிற்றமோலின் உச்ச அளவு 24 மணித்தியாலத்துக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. உடல் மெலிந்தோருக்கும் ஈரல் நோயாளருக்கும் அதிலும் குறைவு. பிள்ளைகளுக்கு நிறைக்கேற்பவே கொடுக்க வேண்டும். தடிமனுக்கு வாங்கும் தூளிலும் பாணியிலும் அதே மருந்து இருக்கக்கூடும் என்பதால் பெட்டியில் உள்ளதை வாசித்தபின் கொடுங்கள். பிரித்தானியாவில் 1998 முதல் ஒரு பெட்டியில் விற்கக்கூடிய மாத்திரைகளின் தொகை, சாதாரண கடைகளில் 16 எனவும் மருந்தகங்களில் 32 எனவும் மட்டுப்படுத்தப்பட்டது வீணுக்கன்று.

தனிமையும் கவலையும் மிகுந்த வாழ்விலே, ஒரு கணத்தின் வேதனையில் மாத்திரைகளை அள்ளி விழுங்குவோரும் எம்மிடையே இருக்கலாம். முதல் நாளில் ஓங்காளம் தவிர வேறொன்றும் தோன்றாதிருக்கலாம். ஒன்றுமில்லை என்று நினைத்து உறங்க விடாதீர்கள். ஈரல் அழிவது அதன் பின்னரே தெரியவரும். ஊரார் என்ன சொல்வர் என்ற வெட்கமும், மொழி தெரியாத தயக்கமும் அந்த 8 மணித்தியாலத்தைத் தின்றுவிடலாகாது. வெறும் பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மொழி தெரியாவிடினும் அப்பெட்டி பேசும்.