பவளத் தொட்டி விளக்குகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளங்களை வாழவைக்கும் ஒளிமூலங்கள். பவளத் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்தே பவளங்களின் உணவில் பெரும்பகுதியைத் தருகின்றன. கடல்நீரில் ஆழம்வரை செல்வது நீல ஒளி என்பதால், ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளம் இவ்விளக்குகளில் இன்றியமையாதது.

மெட்டல் ஹாலைடு விளக்குகள் 150, 250, 400 வாட் அளவுகளில் வந்தன. நீருக்குள் அலையாடும் மினுமினுப்பில் இவற்றின் அழகு தனி. ஆனால் வெப்பம் மிகுதி. பெரும்பாலான பவளங்களுக்கு உகந்தது 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் கோடையில் விளக்கு போடாமலே தொட்டிநீர் 30-ஐ எட்டிவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத வீட்டுக்கு இவ்விளக்கு ஆகாது.

16 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி5 குழல்விளக்கு ஒளியைச் சீராகப் பரப்பும். ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும், பாதரசமும் உண்டு.

எல்இடி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். நீரை அதிகம் சூடாக்காது. வடசென்னைக்கு ஏற்றது இதுவே. ஆனால் குறுகிய கோணத்தில் விழும் ஒளி பவளத்தின் அடியில் நிழலிடும். தொடக்கத்திலேயே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் வெளிறும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். எண்ணூர்க் கரையோரத்து உப்புக்காற்று விளக்கின் விசிறியையும் மின்சுற்றையும் அரிப்பதால் அடிக்கடி துடைப்பது அவசியம்.

தொட்டியில் வைக்கும் பவளத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ பாக் விரிகுடாவிலிருந்தோ அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.