வேடம் கட்டிய எழுத்து

மின்னஞ்சலின் அமைப்பு நடுநிலையானதுன்னுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு கடிதத்தின் மூலப்பிரதியைத் திறந்து பார்த்த அன்றைக்கு அந்த நம்பிக்கை போயிற்று. மேலே தலைப்பு வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, கீழே உடல். 1982இல் ஆர்.எஃப்.சி. 822 விதித்த ஒழுங்கு இது. அதற்குள் ஆஸ்கியின் 128 குறிகளுக்கு மட்டுமே இடம். தலையில் குறியிட்ட பிரெஞ்சு எழுத்துகூட அங்கே நுழைய முடியாது.

1992இல் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் கதவைத் திறந்தது. திறந்த விதத்தைக் கவனிக்கணும். பழைய கணினிகளை மாறச் சொல்லவில்லை. வருகிற எழுத்தைத்தான் வேடம் கட்டச் சொன்னது. யூடிஎஃப்-8இல் 'அ' மூன்று பைட். பேஸ்64இல் அதுவே நான்கு ஆஸ்கி குறிகள். தான் எந்த எழுத்துத்தொகுதி என்றும் அது அறிவித்தாக வேண்டும். அறிவிப்பு தப்பினால், வேடத்தைக் கலைத்தாலும் குப்பைதான் மிஞ்சும்.

தலைப்பு வரிகளில் யூடிஎஃப்-8 எழுத்தை நேரடியாக எழுத 2012இல்தான் ஆர்.எஃப்.சி. 6532 இடம் தந்தது. அதற்கும் வழியிலுள்ள கணினிகள் சம்மதிக்கணும்.

இந்தச் சமரசம் இல்லையென்றால் தமிழ் இன்னும் வாசலிலேயே காத்துக்கிடந்திருக்கும், நிஜம்தான். ஆனால் மாற்றத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று கேட்காமல் இந்தப் பிரதியை எப்படி வாசிப்பது?