ஒரே எஞ்சின், எட்டு வீரர்கள்: பந்தயத்தில் திறமை யாருடையது?

டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கிண்டி குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விடுவித்தது. அத்தீர்ப்பில் இரண்டு வாதங்கள் அடுத்தடுத்து வருகின்றன. குதிரையின் வேகமும் ஜாக்கியின் லாகவமும் பயிற்சியால் வருபவை என்பது ஒன்று. குதிரையின் பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஓட வேண்டிய தூரம் ஆகியவை பணம் கட்டுபவர் ஆராய்ந்து எடைபோடக்கூடிய உண்மைகள் என்பது மற்றொன்று. முதல் வாதம் ஓடுபவரின் திறமையைப் பற்றியது. இரண்டாவது பணம் கட்டுபவரின் திறமையைப் பற்றியது. தீர்ப்பு இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. அந்த முடிச்சு அவிழ்க்கப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குக் குதிரையை விடவும் நல்ல சோதனைக்களம் ஜப்பானின் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஏனெனில் அங்கே ஓடும் பொருள் முழுவதும் மனிதர் செய்தது, அளவிடக்கூடியது.

ஜப்பானியக் குற்றவியல் சட்டம் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. போருக்குப் பின் உள்ளாட்சிகளுக்கு வருவாய் தேடியும், இயந்திரத் தொழிலை வளர்க்கவும் 1950இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் இந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு விலக்கு அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஃபுனாபாஷியில் முதல் பந்தயம் நடந்தது. இன்று காவகுச்சி, இசெசாகி, ஹமமட்சு, சான்யோ, ஈஸுகா என ஐந்து களங்கள் இயங்குகின்றன. முதல் களமான ஃபுனாபாஷி 2016 மார்ச்சில் மூடப்பட்டது. 500 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டத் தார்ப்பாதை. வழக்கமான பந்தயத்தில் எட்டு வண்டிகள் இடப்பக்கமாகவே ஆறு சுற்று, 3,100 மீட்டர் ஓடுகின்றன.

வண்டியைப் பார்த்தால் நம்மூர் மெக்கானிக் ஒருவர் திகைத்துப்போவார். பிரேக் கிடையாது. கியர் இரண்டே. கைப்பிடியின் இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் வளைந்திருக்கும்; வண்டி எப்போதும் இடப்புறமே சாய்வதால் அந்த ஏற்பாடு. வீரர் இடக்காலில் இரும்புச் செருப்பு மாட்டி, வளைவுகளில் அதைத் தரையில் உரசிக்கொண்டே சறுக்கித் திரும்புகிறார். நேர்ப்பாதையில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும்.

எஞ்சின் வரலாறுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது. பல பத்தாண்டுகள் பிரிட்டனின் டிரையம்ஃப், ஜப்பானின் மெகுரோ, ஃபுஜி, கியோகுதோ எனப் பலவகை எஞ்சின்கள் ஒன்றோடொன்று மோதின. டிரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்ட பிறகும் அதன் எஞ்சின்கள் ஜப்பானியக் களங்களில் தொடர்ந்து உறுமின. 1993இல் சுஸுகி தயாரித்த ஏஆர்600 வந்தது: 599 சிசி, இரட்டை சிலிண்டர், ‘செயா’ என்பது செல்லப்பெயர். பின்னர் எல்லா வீரரும் அதற்கே மாறினர். புதிதாகச் சேர்வோர் மட்டும் சிறிய எஞ்சினில் தொடங்குவர்.

எஞ்சின் ஒன்றானதும் பந்தயம் சமமாகிவிட்டது என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் சொல்வார். நான் இதை ஏற்கவில்லை. ஜப்பானில் வண்டி வீரருக்கே சொந்தம். அதற்குப் பெயர் சூட்டுவதும், கழற்றிப் பூட்டுவதும், டயர் தேர்வதும் அவரே. வேகமாக ஓடி வந்த எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கான் மூக்கைப் பார்ப்பது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் உள்ள பழக்கம். வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்திருக்கின்றன. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சூளையில் வெந்த களிமண் எதைத் தாங்கும் என்று அறிந்த விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளருக்கு அந்தச் சிறு வெள்ளைத் துண்டின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தக்கபடி இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவர் முந்துகிறார். ஆகவே ஒரே எஞ்சின் விதி வேறுபாட்டை அழிக்கவில்லை. பணத்தால் வாங்கக்கூடிய வேறுபாட்டைக் குறைத்து, கையால் உண்டாக்க வேண்டிய வேறுபாட்டை மிச்சம் வைத்தது.

ஜப்பானின் படகுப் பந்தயத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே மோட்டார் வீரருக்குச் சொந்தமில்லை. குலுக்கலில் விழுவதே அவருக்கு. நம் நாட்டில் டிவிஎஸ் நடத்தும் ஒரே-மாடல் பந்தயங்களில் வண்டியை நிறுவனமே தந்து பராமரிக்கிறது. வீரர் ஓட்டுவதோடு சரி. ஓடுபவரின் திறமை மூன்றிலும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. ‘பந்தயத்தில் திறமை உண்டு’ என்று பொதுவாகச் சொல்வது எதையும் தீர்க்காது.

இனிப் பணம் கட்டுபவர். ஜப்பானிய ஏற்பாடு அவருக்குக் காட்டும் கரிசனம் பாராட்டத்தக்கது. வலுவான வீரர் பத்துப் பத்து மீட்டர் கணக்கில் பின்னால் இருந்து புறப்படுவார். அந்த ஹேண்டிகேப் முன்னரே அறிவிக்கப்படும். பந்தயத்துக்குச் சற்று முன் நடக்கும் வெள்ளோட்டத்தில் ஒவ்வொருவரும் 100 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தார் என்பது, நூறில் ஒரு பங்கு விநாடி வரை எல்லோருக்கும் காட்டப்படும். பந்தய நாட்களில் வீரர்கள் வெளித்தொடர்பு இல்லாத விடுதியில் தங்குகிறார்கள். வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைத் தூக்கி எடைபார்த்து, முதுகெலும்பைத் தடவி, பல்லைப் பார்த்த பிறகே விலை பேசுகிற வியாபாரிக்கு உள்ள அதே வாய்ப்பு இங்கே பணம் கட்டுபவருக்கும் கிடைக்கிறது. அறிவுக்கு இடம் உண்டு. இதில் 1996 தீர்ப்பு சரி.

ஆனால் ஆட்டு வியாபாரியின் அறிவு அவருக்கு லாபம் தரும். ஜப்பானியக் களத்தில், கட்டப்படும் தொகையில் சுமார் 70 விழுக்காடு மட்டுமே வென்றவர்களுக்குத் திரும்புகிறது, மீதி நடத்துபவருக்கு. 100 யென் கட்டி, கிடைத்ததையெல்லாம் மறுபடி கட்டிக்கொண்டே போனால், ஐந்து சுற்றில் சராசரியாகக் கையில் மிஞ்சுவது 17 யென்னுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் மற்றவரை விட அறிவாளியாக இருந்தால் போதாது. அந்த 30 விழுக்காட்டையும் தாண்டும் அளவுக்கு அறிவாளியாக இருக்க வேண்டும். மிகச் சிலராலேயே அது முடியும். பெரும்பாலோருக்குத் திறமை இருந்தும் நட்டம் உறுதி. கிண்டி பற்றிய வழக்கில் இந்தக் கழிவு விகிதம் தீர்மானிக்கும் அளவுகோலாக அமையவில்லை. அதுவே அத்தீர்ப்பின் பெருங்குறை என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் எஞ்சினும் பணமும் தனித்தனிப் பாதையில் சென்றன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் கண்டது. புல்லட்டும் யெஸ்டியும் ராஜ்தூத் 350உம் ஆயிரக்கணக்கானோரைச் சோழவரத்துக்கு இழுத்தபோதும், சட்டப்படி டிக்கெட் விற்றுப் பணம் கட்ட வைக்கும் கவுண்டர் அங்கு இருந்ததில்லை. பந்தயப் பணம் கிண்டியில் குதிரைமேல் இருந்தது. ஓடுபவரின் திறமையே அளவுகோல் என்றால், சோழவரத்து வீரர் மீது பணம் கட்டுவதும் குதிரை மீது கட்டுவதற்கு நிகராக அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். குதிரைக்கு மட்டும் இடம் கிடைத்ததற்கு வழக்கமும் வரலாறுமே காரணம். திறமையின் அளவு காரணமல்ல.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023இல் அமலுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது, காரணம் அதே ‘திறமை’. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது எதுவாயினும் தடை என்றது. அங்கே ஆட்டத்தின் இயல்பை விட்டுவிட்டுப் பணத்தின் போக்கைச் சட்டம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. திசை சரியானது, ஆனால் வழி கரடுமுரடானது. எவ்வளவு தகவல் பொதுவில் வைக்கப்படுகிறது, எவ்வளவு பணம் திரும்பி வருகிறது என்ற இரண்டையும் தனித்தனியே அளந்து, கட்டியதில் கணிசமான பங்கை நடத்துபவரே எடுத்துக்கொள்ளும் எந்தப் பந்தயத்துக்கும், அதில் எத்தனை திறமை இருந்தாலும், விலக்கு மறுக்கும் சட்டமே தேவை. அந்த அளவுகோலால் அளந்தால் வெள்ளோட்ட நேரத்தை விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் காவகுச்சிக் களமும் தேறாது.